வானூர்தித் தகட்டில் ஓர் உபயம்

கலியபெருமாள் கடைசிப் புள்ளியை அடித்து முடித்து, உளியை வாயால் ஊதிக்கொண்டிருந்தபோது, இளையபெருமாள் வாத்தியார் கையில் ஒரு நீலநிறக் கடிதத்துடன் நிலக்கடலை மூட்டைகள் அடுக்கிய மணிலாக் கிடங்கின் பின்புறம் வந்து சேர்ந்தார்.

"வாங்க சார், தகட்டு எழுத்த நீங்களே படிச்சுப் பாருங்க," என்றார் கிடங்கின் உரிமையாளரான சம்பவநாதன்.

சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, ஓர் ஆள் அகலமுள்ள வளைந்த உலோகத் தகடு. அதன் கீழ்ப்பகுதியில் சுண்ணாம்பைச் சுரண்டி, பாத்திரங்களில் பெயர் வெட்டும் கலியபெருமாளின் கைவண்ணத்தால், புள்ளி புள்ளியாகப் பின்வரும் வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது: "உபயம்: அ. சம்பவநாதன், மணிலா மண்டி, செஞ்சி."

வாத்தியாரின் முகம் வெளிறியது.

"இத யாரு வெட்டச் சொன்னது?"

"நான்தான். ஏன் சார், எழுத்து பொடிசா இருக்குதா?"

"சீமையிலருந்து ரெண்டாவது கடுதாசி வந்திருக்குது. தகட்டக் கழுவக்கூடாதாம், சுரண்டக்கூடாதாம், பெயிண்டு கியிண்டு பூசக்கூடாதாம். எப்படி இருக்குதோ அப்படியே இருக்கணுமாம். வர்ற வியாழக்கிழமை காலையில பத்து மணிக்குத் தொரையே நேர்ல வராரு."

"இன்னிக்கு இன்னா கெழமை?"

"செவ்வாய்."

கலியபெருமாள் எவ்வித ஓசையுமின்றித் தம் உளிகளைப் பைக்குள் எடுத்து வைக்கத் தொடங்கினார்.

அத்தகடு ஒரு போர்விமானத்தின் உறுப்பாகும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், அதாவது 1943ஆம் ஆண்டில், ஆங்கிலேயரின் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று செஞ்சி நகரின் மேல் மூன்று முறை வட்டமிட்டு, பின்னர் எஞ்சின் நின்று, வறண்டு கிடந்த ஏரியில் வயிறு தேய இறங்கியது. விமானி காயமின்றி வெளியே வந்து, இரண்டு இளநீர் அருந்திவிட்டு, மாட்டுவண்டி ஏறிப் போய்ச் சேர்ந்தார். இராணுவத்தார் விமானத்தை லாரிகளில் ஏற்றிச் சென்றனர். மண்ணில் புதைந்த ஒரு தகடு மட்டும் எஞ்சியது. அதைக் கண்டெடுத்தவர் சம்பவநாதனின் தந்தை. இராணுவத்தார் திரும்பி வந்து கேட்பார்களோ என்று அஞ்சிய அவர், அன்றைக்கே அதன்மேல் சுண்ணாம்பைப் பூசி, கிடங்கின் பின்கதவாக மாட்டிவிட்டார். அதன்பின் ஆண்டுதோறும் பொங்கலுக்குச் சுவருடன் சேர்த்து அதற்கும் வெள்ளையும் காவியும் அடிக்கப்பட்டு வந்தன.

இப்போது இங்கிலாந்தில் சிலர், அழிந்துபோன போர்விமானங்களைத் துண்டு துண்டாகத் தேடிப் பொருத்தி, ஒரு பெரிய கொட்டகையில் மக்கள் பார்வைக்கு வைத்து வருகின்றனர். அந்த விமானியின் நினைவுக்குறிப்பு அவர்கள் கையில் கிடைத்தது. விமானத்தில் ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என்று கேட்டு முதல் கடிதம் செஞ்சிப் பள்ளிக்கு வந்தது; தகட்டைப் பற்றி வாத்தியார் பதில் எழுதினார்.

தகடு சீமைக்குப் போவதில் சம்பவநாதனுக்கு இருந்த ஆர்வத்துக்குக் காரணம் விமானம் அன்று. அவருடைய சம்பந்தி ஸ்ரீபால்.

சம்பவநாதனின் மகள் சந்தனாவை மணந்தவன் ஸ்ரீபாலின் மகன். செஞ்சியில் ஸ்ரீபாலின் பெயர் இல்லாத பொருளே இல்லை. கோயில் மணி, பேருந்து நிலையத்துப் பலகை, பள்ளியின் தண்ணீர்த் தொட்டி ஆகியன அனைத்தும் அவர் உபயமே. சத்திரத்துக் குழல் விளக்குகளில் அவருடைய பெயர் எவ்வளவு பெரிதாக எழுதப்பட்டிருந்தது என்றால், எழுத்துக்கு இடம் விட்டதுபோக எஞ்சிய வெளிச்சமே தரைக்கு வந்தது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஸ்ரீபால் சம்பவநாதனைத் தம் பெயர் பொறித்த மின்விசிறியின் கீழ் உட்கார வைத்து, "நம்ம ஃபேன் காத்து எப்படி இருக்குது சம்பந்தி?" என்று வினவுவார். ஏழாண்டுகளாக அந்தக் காற்றில் சம்பவநாதன் வியர்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரீபாலின் பெயர் எட்டாத ஓர் இடத்தில் தம் பெயர் இருக்கவேண்டும். அப்படிப்பட்ட இடம் செஞ்சியில் இல்லை; இங்கிலாந்தில் இருந்தது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமையே அவர் சம்பந்தியை அழைத்திருந்தார். "ஏரோப்ளேன் தகடு சீமைக்குப் போவுது சம்பந்தி. அத வாங்க ஆள் வர்ற அன்னிக்குக் கட்டாயம் வந்துடுங்க!"

எந்தப் பேச்சிலும் தம் பெருமையை நுழைக்கும் ஸ்ரீபால், அன்று மேல்துண்டின் கரையை உற்றுப் பார்த்தபடி, "அந்தப் பழைய கத இப்ப எதுக்கு சம்பந்தி?" என்று மட்டும் சொன்னார். அதைப் பொறாமை என்று உணர்ந்த சம்பவநாதன், அன்று இரண்டு அடை கூடுதலாக உண்டார்.

அப்படிப்பட்ட நிலையில்தான் இரண்டாவது கடிதம் வந்தது.

"கலியபெருமாள்! நீ வெட்டின பேர நீயே எடுத்துடு," என்றார் சம்பவநாதன்.

"நயினாரே, முப்பது வருசமா பேரு போடறேன். போட்ட பேர எடுன்னு சொல்லி ஒருத்தரும் வந்ததில்ல."

"பின்னாலருந்து தட்டு. குழி மேல வந்துடும்."

கலியபெருமாள் தட்டினார். குழிகள் மேலே வந்தன. சற்று அதிகமாகவே வந்தன. அதுவரை பள்ளமாக இருந்த பெயர் இப்போது மேடாக எழுந்து நின்றது. கண் தெரியாதவரும் தடவிப் படித்துவிடலாம்.

"முன்னாலருந்து தட்டு!"

முன்னாலிருந்து தட்டியதில் பெயர் மீண்டும் உள்ளே போனது. கூடவே தகடும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு உள்ளே போனது.

"அரக்கு காச்சி ஊத்துனா குழி அடைஞ்சிடும்," என்று யோசனை கூறினார் கலியபெருமாள். அரக்கு ஊற்றப்பட்டது. குழிகள் அடைந்தன. ஆனால் அரக்கின் நிறம் சிவப்பு. உபயம் என்னும் சொல் சிவந்த எழுத்தில், வீதியிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி ஒளிர்ந்தது.

வாத்தியார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நயினாரே, இப்ப முன்ன விட நல்லாத் தெரியுது."

புதன்கிழமை தகடு முழுவதும் புதிதாகச் சுண்ணாம்பும் காவியும் அடிக்கப்பட்டன. மாலையில் வந்து பார்த்த மனைவி விஜயா, முகவாயில் கைவைத்தாள்.

"இன்னாங்க இது? கல்யாண வூட்டுச் செவுரு கணக்கா இருக்குது. இத இருபத்தஞ்சு வருசத்துப் பொருள்னு சொன்னா அந்தத் தொரை சிரிக்க மாட்டாரா?"

"வேற இன்னா பண்றது?"

"தேங்காநார போட்டு லேசா தேய்க்கச் சொல்லுங்க. கொஞ்சம் மங்குனா பழசாத் தெரியும்."

இப்பணி, மறுநாள் விடிந்ததும் கிடங்கு வேலையாளான பாவாடையிடம் ஒப்படைக்கப்பட்டது. பாவாடை எதையும் லேசாகச் செய்து பழக்கமில்லாதவன். பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டும் அதே ஊக்கத்துடன், நாரும் தண்ணீரும் கொண்டு தேய்த்தான். ஒன்பதரை மணிக்குச் சம்பவநாதன் மாலையுடன் வந்து பார்த்தபோது, புதுப்பூச்சு மட்டுமன்று, இருபத்தைந்து பொங்கல்களின் சுண்ணாம்பும் அப்பளம் அப்பளமாக உரிந்து தரையில் கிடந்தது. கரும்பச்சை நிறத் தகட்டில் செக்கச்செவேல் என்று விளங்கியது ஒன்றே ஒன்று: அவருடைய பெயர்.

"அடப்பாவி! லேசா தேய்ன்னுதானேடா சொன்னேன்!"

"லேசாத்தான் தேய்ச்சேன் மொதலாளி. இந்தச் செவப்பு போவவே மாட்டேங்குது. மேலயும் பாருங்க, சுண்ணாம்புக்கு அடியில ஏதோ கறை வெள்ள வெள்ளயா இருக்குது. ரெண்டு புடி புளி குடுத்தீங்கன்னா அதயும் எடுத்துடுவேன்."

"ஒண்ணையும் எடுக்காத! கோணி ஒண்ணு கொண்டா!"

கோணியால் தகட்டை மூடவும், தெருவில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. வில்மாட் என்னும் அந்த நெட்டையான ஆங்கிலேயர் இறங்கினார். அவருக்குப் பின்னால், எதிர்த் திசையிலிருந்து ஸ்ரீபாலும் நடந்து வந்தார்.

சம்பவநாதன் துரைக்கு மாலையிட்டார். இளநீர் கொடுத்தார். இன்னொரு இளநீர் கொடுத்தார். மூன்றாவதை வெட்டச் சொன்னபோது, துரை தாமே சென்று கோணியை விலக்கினார்.

சிவந்த எழுத்துகளைத் துரை ஒரு விரலால் தடவினார். வாத்தியாரிடம் ஏதோ கேட்டார்.

"இது இன்னான்னு கேக்கறாரு," என்றார் வாத்தியார்.

சம்பவநாதன் தலை குனிந்தார். சம்பந்தியின் முன்னிலையில் இதைச் சொல்ல நேர்ந்ததே என்று அவர் மனம் குன்றினார். "எங்க ஊர்ல எதக் குடுத்தாலும் பேரு போட்டுத்தான் குடுப்போம், தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சுக்கச் சொல்லுங்க சார்."

அதற்குள் துரை முழந்தாளிட்டு, தம் பையிலிருந்த மெல்லிய தூரிகையால், மேற்பகுதியில் ஒட்டியிருந்த மீதிச் சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் போட்ட கூச்சலில் மணிலா மூட்டைகளின் மேலிருந்த புறாக்கள் பறந்தன.

"என்ன சார், கோவமா?" என்று வாத்தியாரிடம் கேட்டார் சம்பவநாதன்.

"கோவமா? அவருக்குச் சந்தோசம் தாங்கல! இந்த மேல் எழுத்துக்காகத்தான் இத்தன தூரம் வந்தாராம். உங்க சுண்ணாம்புதான் வெயில் மழ படாம அதக் காப்பாத்தியிருக்குதாம்."

"அப்ப என் பேரு?"

வாத்தியார் கேட்டறிந்து சொன்னார். "அத அழிக்கவே வேணாங்கறாரு. அவங்க நாட்டுலயும் இதே பழக்கம் உண்டாம். சண்ட நடந்தப்ப ஏரோப்ளேன் வாங்கிக் குடுத்தவங்க பேர அது மேலயே எழுதினாங்களாம். மேல இருக்கற பேரும் உங்க பேரும் ஒண்ணா, ஒரே கண்ணாடிப் பெட்டியில, இருக்கறபடியே இருக்கட்டுமாம்."

சம்பவநாதனின் நெஞ்சு விம்மியது. ஏழாண்டுக் கால வியர்வை ஒரே நொடியில் உலர்ந்தது. அவர் சம்பந்தியின் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா சம்பந்தி! சீமையில, கண்ணாடிப் பெட்டியில, நம்ம பேரு!"

ஸ்ரீபால் மேல்துண்டின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சரி சார், என் பேருக்கு மேல இருக்கற அந்த இன்னொரு பேரு யாருது?" என்று சம்பவநாதன் உற்சாகத்தோடு கேட்டார்.

வாத்தியார் குனிந்து, வெள்ளை எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு நிமிர்ந்து ஸ்ரீபாலைப் பார்த்தார்.

ஸ்ரீபால் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த ஏரோப்ளேனே எங்க நைனா உபயம்தான் சம்பந்தி, குடுத்தவரு வூட்ட மூணு சுத்து சுத்திக் காட்ட வந்தது, எங்க கண்ணு முன்னாலயே ஏரியில வுழுந்துட்டுதேன்னுதான், இத்தன வருசமா வெளிய சொல்லிக்கல."