சாப்பாட்டு மேஜையில் ஒரு சோக்

கரண்டு போனாலும் என் வீட்டில் இருட்டு நுழையக் கூடாது என்று முடிவெடுத்தேன். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் டியூப்லைட்டை எரிய வைக்கும் எலக்ட்ரானிக் சோக்கை நானே வடிவமைப்பேன். கடையிலேயே கிடைக்குமே, பிறகு எதற்கு? நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். கேட்டுக்கொண்டே சாமான்களை வாங்கி வந்தேன்.

ஆராய்ச்சிக்கூடம் சாப்பாட்டு மேஜை. சாப்பாடு மடியில்.

"என்னங்க, மனுஷங்க மாதிரி மேஜையில சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு!"

"விஞ்ஞானி பெண்டாட்டி பொறுத்துக்கணும்."

"விஞ்ஞானி எங்கே? எனக்கு டியூப்லைட்டுதான் தெரியுது."

காயிலுக்குச் செம்புக் கம்பி சுற்றும்போது எனக்குப் பாதியில் வாழ்க்கையைப் பற்றிக் கவலை வந்து எண்ணிக்கை தவறிவிடும். அதனால் சுற்றித் தந்தது அவள். "இந்தச் சின்னச் சுற்றோட ரெண்டு முனையும் இடம் மாறினா விளக்கு எரியாது" என்று தினமும் ஓதினேன். அடையாளத்துக்கு ஆரம்ப முனையில் சிவப்பு நூலும் கடைசி முனையில் பச்சை நூலும் கட்டச் சொன்னேன். கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்விட்ச் போட்டேன். எரியவில்லை. டிரான்சிஸ்டரை மாற்றினேன். எரியவில்லை. நூல்களைப் பார்த்தேன். சிவப்பு சிவப்புக் குறியில், பச்சை பச்சைக் குறியில். ஆக, தவறு என்னிடம்தான். கணக்கிலா? படிப்பிலா? பிறப்பிலேயேவா?

"விட்டுடுங்களேன்" என்றாள் பரிவாக. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"சாயங்காலத்துக்குள்ள எரிஞ்சா மேஜை எனக்கு. எரியலைன்னா ஆயுசுக்கும் உனக்கு!"

"சத்தியமா?"

"சத்தியமா!"

சாயங்காலம் வந்தது. வெளிச்சம் வரவில்லை. சாமான்களையெல்லாம் அள்ளி வாஷிங் மெஷின் பக்கத்தில் தரையில் பரப்பினேன். அவள் மேஜையைத் துடைத்து, புது விரிப்பு போட்டு, தட்டு வைத்துவிட்டு வந்தாள்.

"அந்த ரெண்டு ஒயரையும் மாத்திப் போட்டுப் பாருங்களேன்."

"பச்சை பச்சையிலதான்..."

"போடுங்கன்னா!"

போட்டேன். பளீரென்று எரிந்தது! நான் குதித்தேன். அவள் கைதட்டினாள். அவள் கையைப் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் எனக்கு உறைத்தது.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நூல் கட்டினது யாரு?"

"வேணும்னேவா மாத்திக் கட்டினே?"

"முதல் தடவையே எரிஞ்சிருந்தா ஹாலுக்கு ஒண்ணு, பாத்ரூமுக்கு ஒண்ணுன்னு மேஜையிலேயே குடித்தனம் பண்ணியிருப்பீங்க. கொண்டு வந்து மாட்டுங்க, சாப்பிடலாம்."

மேஜைக்கு நேர் மேலே, என் கையாலேயே மாட்டினேன். அத்தனை வெளிச்சத்தில் தேடியும், ஸ்க்ரூடிரைவரை வைக்கக்கூட அங்கே இடமில்லை.