பிரபஞ்சம் சாய்த்த அன்னதானப் பந்தல்

அன்புள்ள மச்சான் மகேந்திரனுக்கு,

புந்தோங்கிலிருந்து உடையப்பன் எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா மங்களமும், ஒரு மாதமாக என்னை விட்டுப் போகாத மூக்கடைப்பும் நலம். சித்தியவானில் நீயும் உன் குடும்பமும் டுரியான் பழ வியாபாரமும் அப்படியே நலமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன்.

நம் பழைய ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர் பதவியிலிருந்து வரும் ஞாயிறு நடக்கும் பொதுக்கூட்டத்தில் என்னைத் தூக்கப்போகிறார்களாம். நான் என்ன குற்றம் செய்தேன்? அம்மனுக்கு அருகில் யார் உட்காருவது என்று மேல் லயத்து வரிசை வீட்டுக்காரர்களும் கீழ் லயத்துக்காரர்களும் வருஷா வருஷம் முட்டிக்கொள்கிறார்களே என்று, இந்தத் திருவிழாவில் கோயிலைச் சுற்றி வட்டமாகப் பந்தல் போட்டு, சோற்றையும் சமமாகப் பிரித்து வைத்தேன். பல்கலைக்கழகத்தில் வானத்தை ஆராயும் என் மகள் தினேஸ்வரி அதைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, வானத்துலயே கூட்டம் வட்டமா நிக்காதுப்பா. அங்க நூல் நூலா பாதை ஓடுது. அதுங்க சந்திக்கிற இடத்துலதான் நட்சத்திர மண்டலங்க, அதான் கேலக்சிங்க, கூட்டமா சேருது. எந்தப் பாதையில நெறைய வருதோ, அந்தப் பக்கமா கூட்டம் நீண்டுக்கும். பாதை அதிகமானா தள்ளுமுள்ளுதான்." "வானத்துல கமிட்டி இல்லம்மா," என்று அவள் வாயை அடைத்துவிட்டுப் பெருமையாகப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் ஈப்போ, லூமுட், சித்தியவான் என்று மூன்று சாலையிலும் ஜனம் வந்து இறங்கியது. இறங்கிய ஜனம் மொத்தமும் சித்தியவான் சாலைப் பக்கமே ஒட்டிக்கொண்டு, பந்தலைத் தாண்டி செம்பனை மரத்தடி வரை நீண்டுவிட்டது. அங்கே சோறு தீர்ந்து கரண்டிச் சண்டை, ஈப்போ பக்கத்தில் சாம்பார் வாளியோடு பரிமாற நின்ற நம் பையன் தேவன் தன்னந்தனியாக நிற்கிறான். கீழ் லயத்துச் செல்லாயி அக்கா மைக்கைப் பிடுங்கி, "சோறு முடிஞ்சிருச்சு லா தலைவரே! பந்தல் எங்களுக்குப் போட்டீங்களா, காக்காவுக்குப் போட்டீங்களா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது மச்சான். தினேஸ்வரியோ உதட்டைத் துடைத்துக்கொண்டு, "கண்ணுக்குத் தெரியாத பாரம் ஏதோ அந்தப் பக்கம் இழுக்குதுப்பா. வானத்துல இருக்கிற பாரத்துலயும் முக்காவாசி அப்படித்தான்," என்றாள்.

ஆகவே குற்றம் என்னுடையது அல்ல, பிரபஞ்சத்தினுடையது. ஞாயிற்றுக்கிழமை நீ எழுந்து நின்று இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லி என் மானத்தைக் காப்பாற்று. பிள்ளைகளுக்கு இந்த மாமாவின் ஆசிகள்.

இப்படிக்கு,
உடையப்பன்
(ஞாயிறு வரை தலைவர்)

பி.கு.: உறையை ஒட்டும்போது தேவன் வந்து சொல்கிறான். செம்பனை மரத்துக்குப் பின்னால் உன் லோரியை நிறுத்தி, வந்தவர்களுக்கெல்லாம் டுரியானைச் சும்மா பிளந்து கொடுத்தாயாமே, பாவி! என் மகளுக்கும் இரண்டு சுளையாம். இந்த மூக்கு மட்டும் வேலை செய்திருந்தால், ஊரையே தூக்கும் அந்த டுரியான் வாடையை வைத்தே அன்றைக்கே உன்னைப் பிடித்திருப்பேன். மேலே எழுதியதை மறந்துவிடு. ஞாயிறு நீ வாயே திறக்க வேண்டாம். பழத்தோடு லோரியை மட்டும் என் நாற்காலிக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்து.