அறுபத்தைந்து டிகிரிக்கு நானும் சம்பந்தியும்

டொமாஷ்லிட்சே,
சனிக்கிழமை மாலை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஓல்ட்ரிஹ் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஸ்டெங்காவின் கணவன் வ்ராதிஸ்லாவ் பணிவுடன் எழுதுவது. தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். நாங்களும் நலம் என்றுதான் எழுத நினைத்தேன். சமையலறைச் சுவர்க் காகிதம் ஆவியில் உரிந்து தலைமேல் தொங்குவதைப் பார்த்தபின் கை வரவில்லை.

எங்கள் மகள் லுட்மிலாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையின் அப்பா ஷாஃப்ரானெக், பெரிய பீர் ஆலையில் காய்ச்சும் பிரிவுக்குத் தலைவர். நிச்சயதார்த்தத்தன்று அவரிடமே போய், "லுட்மிலா கல்யாணத்துக்கு பீர் நானே வீட்ல காய்ச்சுவேன்" என்று வாயைவிட்டேன் அல்லவா, அன்றிலிருந்து யார் பீர் என்று எங்களுக்குள் இழுபறிதான். இன்று காய்ச்சவே இறங்கினேன். முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து அண்டாவில் போட்டு, வெந்நீர் ஊற்றி, அறுபத்தைந்து டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் மாவெல்லாம் சர்க்கரையாகும். சூடு குறைந்தால் வெறும் கஞ்சி. மிஞ்சினால் சர்க்கரையாக்கும் சத்தே செத்துப்போகும். பார்லி மூட்டை கார் கொட்டகைக் குளிரில் விறைத்துக் கிடந்ததை நான் யோசிக்கவே இல்லை. கலக்கிப் பார்த்தால் ஐம்பத்தெட்டு! கொதிநீரை ஊற்றினேன், எழுபத்திரண்டு. ஐயோ என்று பச்சைத் தண்ணீர் விட்டேன், அறுபதுக்கு இறங்கிவிட்டது. மறுபடி கொதிநீர், மறுபடி பச்சைத் தண்ணீர். கடைசியில் அண்டா விளிம்பு தொட்டது. இனி ஒரு கரண்டிக்கும் இடமில்லை. சூடு மட்டும் அதே அறுபதில்.

"ஏங்க, பீர் காய்ச்சுறீங்களா, வீட்டைக் கழுவுறீங்களா?" என்றாள் ஸ்டெங்கா.

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி. வாசலில் ஷாஃப்ரானெக்.

"சம்பந்தி, நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க. எங்க ஆலையிலிருந்து பீப்பாய் வருது, சொல்லிட்டேன்."

"என் பொண்ணு கல்யாணத்துக்கு உங்க பீப்பாயா?"

"மொதல்ல அண்டா வழியுது, அதைப் பாருங்க!"

கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்தார். அண்டாவிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு, மேலே எங்கள் மருந்துப்பெட்டி அயோடினை வைத்தார். மை போலக் கறுத்தது.

"மாவு அப்படியே இருக்கு. கல்யாணத்துல கஞ்சிதான் ஊத்தப் போறீங்க."

"சரிய்யா, உங்க ஆலையில என்ன பண்ணுவீங்க?"

அவர் அயோடின் குப்பியை மூடி வைத்தார். பிறகு மெதுவாக, "பொத்தானை அமுக்குவேன், சம்பந்தி. சூட்டை மிஷினே பாத்துக்கும். அண்டா பக்கம் நின்னு ரொம்ப வருஷமாச்சு" என்றார்.

அதற்குப் பிறகு எப்படிச் சண்டை போடுவது? தண்ணீர் சேர்க்காமல் சூடேற்ற வேண்டும், அண்டாவுக்கு அடியில் நேரே தீ வைத்தால் பார்லி அடிபிடித்துவிடும். இருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டு, அண்டாவிலிருப்பதிலேயே கொஞ்சம் கெட்டியாக மொண்டு, தனியாகக் கொதிக்கவைத்துத் திரும்ப ஊற்றுவது என்று முடிவு செய்தோம். அடிபிடிக்காமல் நான் கிண்டினேன். ஊற்றும்போது அவர் தெர்மாமீட்டரில் கண்ணை ஒட்டிக்கொண்டார்.

"அறுவத்திரண்டு... மெதுவாய்யா! அறுவத்திநாலு... நிறுத்துங்க, நிறுத்துங்க!"

ஸ்டெங்காவின் வாத்து இறகு மெத்தையை அண்டாவுக்குப் போர்த்தி, காய்ச்சல்காரனுக்குக் காவலிருப்பதுபோல் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அயோடின் வைத்தார். சொட்டு கறுக்காமல் பழுப்பாகவே நின்றது, மாவெல்லாம் சர்க்கரை! சம்பந்தி என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டார். அங்கேயே ஆலைக்குப் போன் செய்து பீப்பாய்களையும் ரத்து செய்துவிட்டார். சக்கையை வடிகட்டிவிட்டோம், நான் ஊற்றிய தண்ணீரெல்லாம் சுண்டத்தான் சாறு இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது. சுவர் உரிவதும் அதனால்தான்.

ஆகவே, தாங்கள் குடும்பத்தோடு கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்து நடத்திவைக்க வேண்டும். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. ஆண்டவர் தங்கள் முழங்காலுக்கு வலுக் கொடுக்கட்டும்.

தங்கள்
வ்ராதிஸ்லாவ்

பி.கு.: உறை ஒட்டும் நேரத்தில் லுட்மிலா போன் செய்தாள். இன்று காலை நகரமன்றத்தில் பதிவுத் திருமணம் முடிந்துவிட்டதாம். "அப்பா, பீர் யாரோடதுன்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்றதுக்குள்ள எங்களுக்குக் கிழடு தட்டிடும்" என்கிறாள். விருந்து கிடையாதாம், ரயில் ஏறிவிட்டார்களாம். சம்பந்தியிடம் இன்னும் சொல்லவில்லை. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நுரை எடுக்கிறார். அடுப்பை அணைத்தால் ஏன் என்று கேட்பார். அதனால் நானும் கிண்டிக்கொண்டே இருக்கிறேன்.