விசாலம் வீட்டை விட்டுப் போகலாமா?

மட்டாஞ்சேரி,
செவ்வாய்க்கிழமை.

சிரஞ்சீவி பிச்சுமணிக்கு அத்திம்பேர் வெங்கிடராமன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதியிருக்கிறேன். அதை நீ நம்ப வேண்டிய அவசியம் இல்லை. பாலக்காட்டில் நீயும் சௌபாக்கியவதி ஸாதனாவும் சௌக்கியமாக இருப்பீர்கள். பிறத்தியார் வீட்டில் கொள்ளி வைத்தவர்கள் பெரும்பாலும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அக்கா கனகத்தின் காதில் விழும். அவள் காதில் விழுந்தால் அடுத்த அத்தியாயத்தில் வந்துவிடும்.

போன ஓணத்துக்கு வந்திருந்தபோது நீதானே அவள் போனில் அந்தக் கதை எழுதும் செயலியைப் போட்டுக் கொடுத்தாய்? "அக்கா, நீ சொல்ற கதையெல்லாம் இதுல எழுது, ஆயிரம் பேர் படிப்பா" என்று சொன்னதும் நீதானே? அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, சொல்கிறேன். அவள் எழுதிய முதல் கதையை என்னிடம்தான் கொண்டுவந்து கொடுத்தாள். நான் யார்? சென்னையில் ஒரு வார இதழில் முப்பது வருஷத்துக்கு மேல் உதவி ஆசிரியர். என் நீலப் பென்சில் படாமல் அங்கே ஒரு கதையும் அச்சுக்குப் போனதில்லை. பெரிய பெரிய எழுத்தாளர்கள் என் மேஜைக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். அப்படிப்பட்டவன், ரிட்டயராகி உங்கள் அப்பாவின் வீட்டுக்குக் குடிவந்த பிறகு, காசு வாங்காமல், பெண்டாட்டி என்றும் பாராமல் உட்கார்ந்து திருத்தினேன். சாயாவைத் தேநீர் ஆக்கினேன். அடுத்த வீட்டுக்காரி வருகிற பகுதி கதைக்குத் தேவையில்லை, எடுத்தேன். நாயகி அடுக்களையில் தனியாகப் பேசிக்கொள்வது நாடகத்தனம், எடுத்தேன். பதினோரு பக்கம் இரண்டரைப் பக்கமாகக் கச்சிதமாக வந்தது. வாங்கிப் பார்த்துவிட்டு, "இத்ர சிரமப்பட்டேளே" என்றாள். காகிதங்களை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். வெளிச்சத்தில் வைத்துப் படிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அதன்மேல் மோர்மிளகாய் வற்றல் காய்கிறது.

அந்தச் செயலியில் 'பேனாக் குடும்பம்' என்று ஒரு குழு. அதில் எல்லோரும் எழுத்தாளர், எல்லோரும் வாசகர், எல்லோரும் விமரிசகர். நீ என் கதைக்கு ரோஜாப்பூ போட்டால் நான் உன் கதைக்கு இதயம் போடுவேன். கல்யாண வீட்டு மொய் தோற்றது. காலையில் சமையலை முடித்துவிட்டு உன் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன போட வேண்டுமோ போட்டுவிட்டுத்தான் எழுதவே ஆரம்பிக்கிறாள். 'கொச்சிக் கனகா' என்று புனைபெயர். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழே "சூப்பர் அக்கா", "கண்ணீர் வந்துவிட்டது தோழி", "அடுத்த அத்தியாயம் எப்போ?" என்று வரிசையாக நிற்கிறார்கள். நான் திருத்திக் கொடுத்த காலத்தில் ஒரு எழுத்தாளனும் எனக்கு ஒரு ரோஜாப்பூ அனுப்பியதில்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவனின் கதையைத் தூக்கி நிறுத்தியவனுக்கு ஒன்றும் கிடையாது. "ஹையோ செம்ம" என்று எழுதுகிறவளுக்கு 'சிறந்த விமரிசகர்' பட்டம்!

சரி, போகட்டும். தொடர்கதை என்ன தெரியுமா? விசாலம் என்று ஒருத்தி. அவளுடைய புருஷன் சங்கரன், பத்திரிகை ஆபீஸில் திருத்துகிற உத்தியோகம். மளிகைச் சீட்டில் அவள் எழுதியதை அடித்துத் திருத்துகிறான். நாலு பேர் நடுவில் அவள் ஒரு வேடிக்கை சொல்ல ஆரம்பித்தால், இவன் நடுவில் புகுந்து முடித்து வைக்கிறான். நான் முடித்து வைத்ததே இல்லை என்று சொல்லவில்லை. அவளை முடிக்க விட்டால் வந்தவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவார்கள். உன் அப்பா தவறியபோது பேப்பருக்குக் கொடுக்க நீ எழுதிய விளம்பரத்தை நான் திருத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? 'ஆறாத் துயரில் வாடும்' என்று இரண்டு இடத்தில் இருந்தது, ஒன்றை எடுத்தேன். இது ஒரு குற்றமா? கதையில் சங்கரன், மாமனாரின் உடலைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போது சிவப்பு மைப் பேனா கேட்கிறானாம். அபாண்டம்! நான் கேட்டது நீலப் பென்சில்.

எழுதினால் மட்டும் போதவில்லை. செயலியில் கதையை வாசித்தும் காட்டலாமாம். பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்குக்குப் பக்கத்தில் யூசுப்பின் சாயாக்கடை இருக்கிறதே, போன வாரம் அங்கே போனால் உன் அக்காவின் குரல் கேட்கிறது. சுமை இறக்குகிறவர்கள் எல்லாம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். தமிழ் எழுத்து ஒன்று தெரியாது அவர்களுக்கு. அவள் கொச்சித் தமிழில் வாசிப்பது நன்றாகப் புரிகிறதாம். யூசுப் என்னிடம் சொல்கிறான்: "சாரே, ஆ சங்கரன் வல்லாத்தொரு பொல்லாத மனுஷனாக்கும். பாவம் சேச்சி, எறங்கிப் போனாத்தான் நன்னாவும்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைக் கழுவினான். அன்று சாயாவுக்குக் காசும் வாங்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது, பிச்சுமணி. மட்டாஞ்சேரிக்கே தெரிந்திருக்கிறது.

தொழில் தெரிந்தவன் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது? 'நடுநிலையாளன்' என்ற பெயரில் நானும் குழுவில் சேர்ந்து, முறைப்படி ஒரு மதிப்பீடு எழுதினேன். கணவன் பாத்திரம் ஒருதலைப்பட்சம், அவன் தரப்பு நியாயம் ஒரு வரி கூட இல்லை, மனைவியின் மேன்மைக்காகத்தான் திருத்துகிறான் என்பதை ஆசிரியை உணரவில்லை என்று எழுதினேன். அவ்வளவுதான். "குறை சொல்வதற்கு முன் இரண்டு நிறை சொல்ல வேண்டும் என்பது நம் குடும்ப விதி சார்" என்று ஒருத்தி. "உங்க வீட்டுல ஏதாவது பிரச்சினையா சார்?" என்று இன்னொருத்தி. "எங்களுக்கு எடிட்டர் வேண்டாம், வாசகர் இருக்காங்க" என்று ஒரு பொடியன். நான் படிக்கலாம், கருத்துச் சொல்லக் கூடாது என்று தடையும் போட்டுவிட்டார்கள். அன்று ராத்திரி ரசம் பரிமாறிக்கொண்டே உன் அக்கா, "ஆரோ ஒரு நடுநிலையாளனாம், வந்திருந்தான். பாவமாக்கும். ஆத்துல அவனோட ஆரும் பேசறதில்லையா இருக்கும்" என்றாள். நான் இன்னும் கொஞ்சம் ரசம் வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கதை முடியப் போகிறது. முடிவை எழுதுகிறவள்தானே தீர்மானிக்க வேண்டும்? குழுவில் வாக்கெடுப்பு வைத்துவிட்டாள். 'விசாலம் வீட்டை விட்டுப் போகலாமா?' போகலாம் என்று நூற்றுக்கணக்கில் குத்தியிருக்கிறார்கள். வேண்டாம் என்று இரண்டே வோட்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று சிங்கப்பூரில் ஒருவர் போட்டது. கை தவறிப் பட்டுவிட்டது என்று கீழே மன்னிப்புக் கேட்டிருக்கிறார். முன்பின் பார்த்திராத ஜனங்கள், கணவன் தரப்பில் ஒரு வார்த்தை கேட்காத ஜனங்கள், பஸ்ஸில் போகிற போக்கில் கட்டைவிரலால் ஒரு குடும்பத்தைப் பிரித்து வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தாள். எதற்கு என்று கேட்டேன். "கதைக்காக்கும். பெட்டியைத் தூக்கிண்டு படி இறங்கினா எப்படி இருக்கும்னு அறியண்டாமா?" என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது, பிச்சுமணி. கதையைப் பற்றி இல்லை.

ஆகையால் நீ உடனே அவளோடு பேச வேண்டும். நீ சொன்னால் கேட்பாள். முடிவை மாற்றச் சொல். சங்கரன் காய்ச்சலில் படுத்துவிடுகிறான், விசாலம் வாசல் வரை போய்த் திரும்பி வந்து கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள். இதைவிட உருக்கமான முடிவு கிடையாது. நானே எழுதிக்கூட வைத்துவிட்டேன், ஒரு பக்கம்தான் வந்திருக்கிறது. அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல். கேட்கவில்லை என்றால் அந்தச் செயலியை நீ எப்படிப் போட்டாயோ அப்படியே எடுத்துவிடு. உன் அத்திம்பேருக்காக இந்த ஒரு உபகாரம் செய். உங்கள் இருவருக்கும் சகல சௌபாக்கியங்களும் உண்டாகட்டும். வீட்டில் நிம்மதி என்பதும் அதில் ஒன்று என்று கண்டுகொண்டேன்.

இப்படிக்கு,
அத்திம்பேர்,
வெங்கிடராமன்.

பின்குறிப்பு: நேற்று எழுதி, ஒட்டாமல் வைத்திருந்தேன். இது உன் கைக்கு வரும்போது கனகம் உன் வீட்டில் இருப்பாள். இன்று காலை ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். சாதமும் மோர்க்குழம்பும் வைத்திருக்கிறாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். "ஓட்டெடுப்பு வெச்சுட்டு சொல்றேன்" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசி அத்தியாயம் நேற்று ராத்திரியே வந்துவிட்டதாம். அவள் போன பிறகு உட்கார்ந்து படித்தேன். பழக்கதோஷம், பென்சிலையும் எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பென்சில் வைக்க ஒரு இடமில்லை, பிச்சுமணி. விசாலம் போகத்தான் வேண்டும். போகாவிட்டால் கதை விழுந்துவிடும். அந்த ஆயிரம் முட்டாள்களும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். மேலே நான் எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். அவளை ஒன்றும் கேட்காதே, ஒன்றும் மாற்றச் சொல்லாதே.

ஒரே ஒரு பத்தி மட்டும் எடுக்க வேண்டும். ஆட்டோவில் ஏறும் முன் விசாலம் ஒரு தடவை வீட்டைத் திரும்பிப் பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறாள். நான் வாசலிலேயேதான் நின்றுகொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதை எடுத்துவிடச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே, யாரோ ஒரு வாசகர் சொன்னதாகச் சொல்.