பனிக்குள் கடைசிப் பெட்டி

"கையை உள்ளே விட்டுப் பாரு. போகுதா?"

"போகல."

"பாக்கெட்டையும் சேத்துக் குத்திட்டேன் போல."

காரின் முன் இருக்கையில் கணவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அவள், அவன் காதில் விழும்படியே பெருமூச்சு விட்டாள். பந்தய எண்ணை ஜெர்சியின் முதுகில் நாலு ஊக்கால் குத்துவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதல் தடவை தலைகீழாகக் குத்தினான், அறுபத்தொன்று பத்தொன்பதாகிவிட்டது. இரண்டாம் தடவை உள்ளே போட்டிருந்த பனியனையும் சேர்த்துப் பிடித்துவிட்டான். மூன்றாம் தடவை, வாழைப்பழம் வைத்திருந்த பின்பாக்கெட்டின் வாயையே மூடிவிட்டான்.

"ஆபீஸ்லயும் இப்படித்தான் வேலை பாப்பீங்களா?"

"ஆபீஸ்ல ஃபைல் நெளியாது. அதுக்குக் கூச்சம் கிடையாது."

நான்காம் தடவை சரியாக வந்தபோது மணி ஆறு முப்பத்தெட்டு. பந்தயம் ஆறரைக்கு.

அவள் வெயிலுக்குப் பூசுகிற கிரீமைத் தேய்க்கக்கூட நேரமில்லாமல் முகத்தில் வெள்ளையாக அப்பிக்கொண்டாள். ஃபோனை அணைத்து டாஷ்போர்டுக்குள் போட்டாள். சைக்கிளை இறக்கினாள்.

"நீ போ. நான் வண்டியை நிறுத்த எடம் பாத்துட்டு வர்றேன்" என்றான் அவன். கார் பத்தடி போவதற்குள் பனி அதை விழுங்கிவிட்டது.

இந்தப் பந்தயத்தை மட்டும் அவள் கோட்டைவிடக் கூடாது. வாரத்தில் ஆறு நாள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊரார் கையில் நரம்பு தேடுகிறவள் அவள். ஏழாம் நாள் பெண்கள் சைக்கிள் குழுவோடு சேர்ந்து ஓட்டுவாள். ஓட்டுவாள் என்பதைவிட, பின்னால் வருவாள் என்பது சரி. முன்னால் போகிறவளின் பின்சக்கரத்தை ஒட்டியே போனால் காற்று முகத்தில் அடிக்காது, உழைப்பில் பாதி மிச்சம் என்பது அவளுக்கும் தெரியும். முதல் மேடு வந்ததும் அந்தப் பின்சக்கரம் அவளை விட்டுப் போய்விடும். குழுவில் அவளுக்குக் 'கடைசிப் பெட்டி' என்று பெயர்.

போன மூன்று பந்தயத்திலும் அவளை வாரி வண்டிதான் ஏற்றி வந்தது. கடைசியில் வருகிறவளுக்குப் பின்னால் மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு மெல்ல ஊர்ந்து வருகிற வேன் அது. இனி நேரத்துக்குள் முடிக்க மாட்டாள் என்று தெரிந்தால் முந்திப்போய் நிற்கும், கதவு திறக்கும். ஓட்டுநர் தங்கமானவர், துண்டு கொடுப்பார், ரேடியோ போடுவார். அந்த வேனின் இரண்டாவது இருக்கையில் அவள் பெயரை எழுதி வைக்காத குறைதான்.

போன வாரம் கேப்டன் தனியாகக் கூப்பிட்டாள்.

"எனக்கு உன் மேல கோபம் இல்ல. ஆனா டீம்ல ஆறு பேருக்குத்தான் எடம். ஞாயித்துக்கிழமை ஒன்றரை மணி நேரத்துக்குள்ள கோட்டைத் தாண்டிடு. இல்லேன்னா புதுசா வந்த பொண்ணைப் போட்டுடுவேன்."

"தாண்டிடுறேன் கேப்டன்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாட்டிலைத் தூக்கி மடமடவென்று தண்ணீர் குடித்து அதை மறைத்தாள். இந்த வயதில் இதற்காக அழுவோம் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

புறப்படும் கோட்டில் ஒருவரும் இல்லை.

இரண்டு கம்பத்துக்கு நடுவே ஈரம் சொட்டும் துணிப் பதாகை. தரையில் சுண்ணாம்புக் கோடு. வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே பைகள். எதிரே இருந்த பள்ளிக்கூடத்தின் கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு நாற்காலியில் இருந்த காகிதக் குவளையிலிருந்து இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது.

"யாராவது இருக்கீங்களா?"

அவள் குரல் நாலடி போய்த் திரும்பி வந்த மாதிரி இருந்தது. போய்விட்டார்கள். குவளையைப் பார்த்தால் இப்போதுதான் போயிருக்க வேண்டும். மணி ஆறு நாற்பத்தொன்று. எட்டு மணிக்குள் முப்பத்தாறு கிலோமீட்டரைச் சுற்றி இதே கோட்டுக்கு வர வேண்டும். நின்று யோசித்தால் இன்னும் ஒரு நிமிடம் போகும் என்று ஏறி மிதித்தாள்.

முதல் கிலோமீட்டரிலேயே மூக்குக்கண்ணாடியில் பனி படிந்தது. துடைத்தாள், மறுபடி படிந்தது. கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அது வசதியாகத்தான் இருந்தது, ஆனால் கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தூரத்துப் பொருள் எல்லாம் ஆளாகத் தெரியும். ஒரு மைல்கல் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தது. ஒரு மின்கம்பம் அவள் கடக்கும்வரை அவளையே பார்த்தது.

சங்கிலி சுற்றும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. எத்தனை பின்தங்கினாலும் வழக்கமாக முன்னால் ஏதாவது பேச்சு, பிரேக் கிறீச்சிடுவது, இருமல் கேட்கும். இன்று அதுவும் இல்லை. பின்னால் வாரி வண்டியும் இல்லை. அதற்குக்கூடத் தான் லாயக்கில்லாமல் போய்விட்டோமா என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது.

முதல் திருப்பத்தில் ஆரஞ்சுச் சட்டைக் கொடிக்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"அண்ணே, எல்லாரும் போயி எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவர் கொடியை மெல்லத் தூக்கி இடது பக்கம் காட்டினார். இரண்டடி பின்னால் போனார். வழிவிடுகிறார் என்று நினைத்து அவள் இடது பக்கம் திரும்பினாள்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. பின்னால் ஒரு எஞ்சின். திரும்பிப் பார்த்தாள். பனிக்குள் மங்கலாக மஞ்சள் வெளிச்சம்.

வாரி வண்டி.

அவள் மிதித்தாள். வெளிச்சமும் வேகம் எடுத்தது. மெதுவாகப் போனாள், அதுவும் மெதுவாக வந்தது. முந்தவும் இல்லை, நிற்கவும் இல்லை. கதவைத் திறந்தால்தானே ஏற்ற முடியும், கைக்குச் சிக்காமல் போய்விடுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு கிலோமீட்டர் பறந்தாள். கைப்பிடியில் இருந்த சிறு திரையில் முப்பத்திரண்டு என்று வேகம் காட்டியது. அந்த எண்ணை அவள் இறக்கத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

தொடை எரிந்தது. இதற்கு மேல் முடியாது என்றபோது ஒரு யோசனை வந்தது. இருக்கைக்குக் கீழே இருந்த சிவப்பு விளக்கைக் கை நீட்டி அணைத்தாள். இனி எப்படிப் பின்தொடரும் என்று பார்க்கலாம்.

பின்னால் பிரேக் அலறியது. ஹாரன் விடாமல் அடித்தது.

"அம்மா, லைட்டைப் போடுங்கம்மா. புண்ணியமாப் போகும்."

தங்கமான ஓட்டுநரின் குரல் இல்லை அது. அவள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாள். ரொட்டி வண்டி. உள்ளே ஒரு பெரியவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ரோடே தெரியலம்மா. உங்க சிவப்பு லைட்டை நம்பித்தான் வந்துக்கிட்டு இருக்கேன்."

"என்னை எதுக்குத் துரத்துனீங்க?"

"நீங்க ஓடுனீங்க. நானும் வந்தேன். விட்டா எனக்கு வேற கதி?"

"முன்னாடி சைக்கிள்ல கூட்டமாப் பொம்பளைங்க போயிருப்பாங்களே, பாத்தீங்களா?"

"காலையில இருந்து இந்த ரோட்ல உங்களைத் தவிர ஒரு ஜீவனைப் பாக்கல." அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "உங்க மூஞ்சியைப் பாத்தா... உயிரோடதான இருக்கீங்க?"

"ரேஸ்ல இருக்கேங்க. நேரமாச்சு."

"யார்கூட?"

அவள் விளக்கை மறுபடி அழுத்தினாள். எரியவில்லை, தண்ணீர் இறங்கியிருந்தது. பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டு வண்டியை ஓரமாக நிறுத்திக்கொண்டார். அவள் விளக்கில்லாமல் பனிக்குள் போனாள்.

உயிரோடதான இருக்கீங்க என்று அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி அவள் கூடவே வந்தது.

காலையில் வரும்போது பெரிய சாலையில் ஒரு லாரி பனிக்குள்ளிருந்து நேரே வந்தது. கணவன் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினான். மயிரிழையில் தப்பினோம் என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். தப்பினோமா? அதற்குப் பிறகு அவளோடு பேசியது யார்? கணவன். அவனும் அதே காரில்தான் இருந்தான்.

ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து நாடி பார்த்தாள். பதினைந்து நொடிக்கு நாற்பத்தைந்து. நிமிடத்துக்கு நூற்றெண்பது. செத்தவர்களுக்கு இத்தனை இருக்காது. தொழில் தெரிந்தவள் அவள். கொஞ்ச தூரம் தைரியமாகப் போனாள். பிறகு, எண்ணுகிறவளும் செத்தவளாக இருந்தால் அந்த எண்ணிக்கையை எப்படி நம்புவது என்று தோன்றியது.

இன்னொரு மனிதரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வதுதான் ஒரே வழி. இரண்டாம் திருப்பத்துக் கொடிக்காரரைப் பார்த்ததும் பிரேக்கைப் பிடித்துச் சத்தமில்லாமல் அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, உங்களுக்கு என்னைத் தெரியுதா?"

அவர் கையிலிருந்து கொடி விழுந்தது. வாக்கிடாக்கி விழுந்தது.

"தெரியல. எனக்கு எதுவும் தெரியல. நான் எதையும் பாக்கல."

"என்னண்ணே இப்படிச் சொல்றீங்க. நான் அறுபத்தொண்ணு."

"அறுபத்தொரு பேரா" என்று கேட்டுவிட்டு அவர் வயல்வெளியில் இறங்கி ஓடினார். ஒரு செருப்பு சேற்றில் நின்றுவிட்டது. தரையில் கிடந்த வாக்கிடாக்கி, "ஹலோ, என்னாச்சு, ஹலோ" என்று கரகரத்தது.

சரி, ஊர்ஜிதமாகிவிட்டது.

அவளுக்கு முதலில் துக்கமாக இருந்தது. பரிசோதனை நிலையத்தில் நாளைக்குக் காலையில் யார் ரத்தம் எடுப்பார்கள், குளிர்பெட்டியின் சாவி அவளிடம்தானே இருக்கிறது என்று நினைத்துக் கண் கலங்கினாள். கணவன் கடைசியாக அவளுக்குச் செய்தது நாலு ஊக்குக் குத்தியது. அதற்கு அவனைத் திட்டியிருக்க வேண்டாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தியபோது எதிரே மேடு. இரண்டு கிலோமீட்டர் மேடு. மூன்று பந்தயத்திலும் அவளைத் தோற்கடித்த மேடு. உயிரோடு இருந்தவரை அதில் ஏறும்போதெல்லாம் பின்னால் வாரி வண்டியின் உறுமல் கேட்கும், முன்னால் கேப்டனின் முதுகு மறையும், அந்தப் புதுப் பொண்ணு திரும்பிப் பார்த்துப் பரிதாபப்படும். இன்று யாரும் இல்லை. செத்த பிறகு யாருக்குப் பயப்படுவது?

எழுந்து நின்று மிதித்தாள். மூச்சை எண்ணவில்லை. கியரை மாற்றவில்லை. வாய் விட்டுக் கத்தினாள். யாரும் கேட்கவில்லை என்பதால் இன்னும் ஒரு தடவை கத்தினாள். பாதி மேட்டில் தான் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. இரண்டு வருடத்தில் இந்தச் சைக்கிளில் அவள் ஒரு நாள்கூட இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. உச்சியில் ஏறியபோது மணி ஏழு நாற்பத்தேழு.

மீதி இறக்கம். ஆறு கிலோமீட்டர். பனி கிழிந்து கிழிந்து போனது. மரம் மரமாகத் தெரிந்தது, கம்பம் கம்பமாகத் தெரிந்தது. தூரத்தில் துணிப் பதாகை. அதன் கீழே ஆட்கள். அசைகிற, பேசுகிற, கலர் கலராக ஜெர்சி போட்ட ஆட்கள்.

எழுந்து நின்று மிதித்தபடியே கோட்டைத் தாண்டினாள். ஏழு ஐம்பத்தெட்டு. சைக்கிளோடு சேர்ந்து ஓரத்துப் புல்லில் சரிந்தாள்.

ஐம்பது பெண்கள் அவளைப் பார்த்தார்கள். முடித்துவிட்டு முகம் கழுவி, தலை சீவி, சட்டையைக்கூட மாற்றிக்கொண்டு நிற்கிறார்களே, எவ்வளவு முன்னால் வந்திருப்பார்கள் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் நேரத்துக்குள் வந்துவிட்டாள். கடைசியாக வந்தாலும் வந்தவள் வந்தவள்தான்.

கேப்டன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"கேப்டன், நான் உங்களுக்குத் தெரியுறேனா?"

"நல்லாத் தெரியுற. ஏன் இப்படி வேர்த்திருக்க?"

அவள் கேப்டனின் கையைப் பிடித்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. தன் கையும் சூடாக இருந்தது. அந்த நிமிடம் அவளுக்கு உலகத்தில் எல்லாரையும் பிடித்திருந்தது, அந்தப் புதுப் பொண்ணைக்கூட.

"ரெண்டு நிமிஷம் மிச்சம் கேப்டன். மேட்டுல ஒரு எடத்துலயும் நிக்கல. எறங்கல. என் எடம் எனக்குத்தானே?"

கேப்டன் அவளுடைய சேறு படிந்த காலைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. பெயர்ப் பட்டியலோடு நாற்காலியில் ஏறி நின்றிருந்த பெண் மைக்கை ஊதிப் பார்த்துவிட்டுப் பேசினாள்:

"பனிக்குள்ள ஒரு பொம்பளை தனியா சைக்கிள் ஓட்டிக்கிட்டுப் போறதைப் பாத்ததா நம்ம கொடிக்காரங்க ரெண்டு பேரு பயந்துபோய் இருக்காங்க, யாரும் அதையெல்லாம் நம்பாதீங்க, பனி விலகிடுச்சு, பள்ளிக்கூடத்துக்குள்ள காத்திருந்தவங்க எல்லாரும் கோட்டுக்கு வந்து நில்லுங்க, இன்னும் பத்து நிமிஷத்துல ரேஸை ஆரம்பிக்கிறோம்."