எட்டாயிரத்துக்கு ஒரு கார்டு

“எவ்வளவு?” என்று கேட்டாள் மனைவி.

சின்னக் கேள்விதான். ஆனால் கிராபிக்ஸ் கார்டு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்ற லிஃப்ட் மெக்கானிக், பில்லைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினான்.

கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டுவது அவனுக்கு உயிர். பழைய கார்டில், வளைவு வந்தால் படம் அப்படியே நின்றுவிடும். மறுபடி நகரும்போது கார் பள்ளத்தில் கிடக்கும். பதினைந்தாயிரத்துக்கு மேல் ஒரு காசு கிடையாது என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டுதான் கடைக்குப் போனான். கடைக்காரரும் பதினைந்தாயிரத்துக்கு ஒன்றைக் காட்டத்தான் செய்தார்.

“இன்னும் மூணு போட்டா மெமரி டபுள் சார்.”

போட்டான்.

“இவ்வளவு போடறவர் இன்னும் நாலு போட்டா புது மாடலே வந்துடுமே!”

அதையும் போட்டான். இப்படி ஏறி ஏறி முப்பதாயிரத்தில் வந்து நின்றபோது, பாவம், லிஃப்டோடு பிழைக்கிறவனுக்கு இறங்கத் தெரியவில்லை.

போன வருஷம் கேமரா விலையை மறைத்து மாட்டிக்கொண்டபோதே மனைவி சொல்லியிருந்தாள். “இன்னொரு தடவை விலையில பொய் சொன்னீங்க, கம்ப்யூட்டரைத் தூக்கி வித்துடுவேன்.” சொன்னால் செய்கிறவள்.

“எட்டாயிரம்” என்றான்.

“அட, பரவாயில்லையே!” என்று சிரித்தாள். அன்று அவனுடைய கார் எல்லா வளைவிலும் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று.

மறுநாள் மைத்துனன் போன் செய்தான். “மாமா, எட்டாயிரத்துக்குக் கார்டு வாங்கினீங்களாமே! எனக்கும் ஒண்ணு.”

“ஸ்டாக் தீர்ந்துபோச்சு மாப்ள.”

“அப்படியா? அக்கா நேர்ல போய்க் கேட்டுப் பாக்கறேன்னு சொல்றாளே.”

ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததையெல்லாம் வழித்து எடுத்துக்கொண்டு ஓடினான். இன்னொரு கார்டை முப்பதாயிரத்துக்கு வாங்கி, மைத்துனனிடம் கொடுத்துவிட்டு, அவன் நீட்டிய எட்டாயிரத்தைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டான். சிரிப்பு மட்டும் கொஞ்சம் கோணியது.

அடுத்து லைனில் வந்தார் சகலை. மனைவியின் அக்காவைக் கட்டியவர், வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. ஸ்டாக் கதை அவரிடம் எடுபடாது. எனவே போனில் வேறொரு போடு போட்டான்.

“அந்தக் கார்டே வேண்டாம் அண்ணே. சூடு தாங்காது. என்னிக்கு வேணா புகையும்.”

மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். “புகையுமா? முதல்ல நம்ம வீட்ல இருக்கறதைக் கழட்டித் தூர எறிங்க!”

“சேச்சே, நான் சொன்னது பழைய மாடல். நம்மது தங்கமா ஓடுது.”

“அப்ப அந்தத் தங்கத்தையே அவருக்கும் வாங்கிக் குடுங்க. பெரியவர் வாய்விட்டுக் கேட்டிருக்கார்.”

தங்கம் என்று வாயை விடாமல் இருந்திருக்கலாம். விதி யாரை விட்டது? கேமராவை வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். கூட வேலை பார்ப்பவர்களிடம் பல்லைக் காட்டிக் கைமாற்று வாங்கினான். அப்படித்தான் மூன்றாவது கார்டு வந்தது.

“உனக்கு எங்கேயிருந்துப்பா இவ்வளவு செல்வாக்கு?” என்று சகலை முதுகில் தட்டினார். முதுகு வலித்தது.

கொஞ்ச நாள் நிம்மதி. பிறகு ஒரு காலையில் மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: “எங்க ஆபீஸ் மேனேஜருக்கும் ஒண்ணு வேணுமாம். சரின்னுட்டேன். எனக்குப் புரமோஷன் வர்ற நேரம், கவுத்துடாதீங்க.”

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் கம்ப்யூட்டர் போய்விடும். சொல்லாமல் இருக்கக் கையில் காசு இல்லை. மேனேஜருக்குப் பழசைக் கொடுக்கவும் முடியாது. கடைசியில் ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தன்னுடைய கார்டையே கழற்றினான். எதற்காகப் பொய் சொன்னானோ, அந்தப் பொய்யைக் காப்பாற்ற அதுவே பைக்குள் போயிற்று.

கடையில் பில் போடும் பெண் மட்டும்தான் இருந்தாள்.

“இதை எடுத்துக்கிட்டு இதே மாடல்ல புதுசு ஒண்ணு குடும்மா. மீதியைத் தவணையில கட்டிடறேன்.”

அவள் உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். சீல் பிரிக்காத பெட்டி. ஆனால் மூலையில் கறுப்பாக ஒரு கிரீஸ் கைரேகை. அவன் குனிந்து அதைப் பார்த்தான். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தான்.

“என்னம்மா இது?”

“அதே பெட்டிதான் சார். முதல் கார்டு வாங்கின அன்னிக்கே உங்க வைஃப் போன் பண்ணி விலை கேட்டுட்டாங்க; அதுக்கப்புறம் நீங்க ஒவ்வொரு தடவை வாங்கிட்டுப் போறதையும் மறுநாளே கொண்டுவந்து குடுத்து முழுப் பணத்தையும் வாங்கிட்டுப் போறாங்க, ‘இதை மட்டும் வேற யாருக்கும் வித்துடாதீங்க, அவர் திரும்ப வருவார்’னு சொல்லிட்டு!”