பாயின்ட் அக்கா போட்ட எட்டு

இருசக்கர வாகனத் தேர்வில் எட்டு போடும்போது கால் தரையில் படக் கூடாது. விதி இவ்வளவுதான். தரை என்றால் என்ன என்று அந்த விதி சொல்லவில்லை. அதைச் சொல்லச் சொல்லி அரசாங்கத்தையே மடக்கிய ஒரே ஜீவன், நானறிந்த வரை இந்தப் பூமியில் பாயின்ட் அக்காதான்.

அக்கா கொட்டிவாக்கத்துக்காரர். மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடையாறில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருவார். எங்கள் வீட்டில் மீன் வாங்குவதில்லை. வாசல் வேப்பமர நிழல் மட்டும் அவருக்கு வேண்டும். 'கேட்டுக்கு முன்னால் வண்டி நிறுத்தாதீர்' என்ற பலகையைக் காட்டினேன்.

"பாயின்ட்டுக்கு வா சார். முன்னாலன்னுதானே போட்டுக்கீறே? நான் பக்கத்துல நிக்கிறேன்."

'பக்கத்திலும்' என்று சேர்த்து எழுதினேன். மறுநாள் எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு கையாட்டினார். மூன்றாம் நாள் பலகையையே கழற்றிவிட்டேன். அரசுப் பணியில் ஆயுளைக் கழித்தவன் நான். இவர் மட்டும் எங்கள் செக்‌ஷனில் இருந்திருந்தால் ஒரு கோப்பும் மேஜையைத் தாண்டியிருக்காது.

ஒருமுறை டிராஃபிக் போலீஸ்காரர் மடக்கி லைசென்ஸ் கேட்டார்.

"கீது சார். இன்னும் எடுக்கலை, அவ்ளோதான்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் அடுத்த முறை வண்டி ஸ்டேஷனுக்குப் போய்விடும் என்று எச்சரித்தும் அனுப்பினார். வண்டி போனால் வியாபாரம் போச்சு. மீன் கூடையை எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள்? அக்கா எல்.எல்.ஆர். போட்டார். நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு மாதத்தை ஓட்டிவிட்டு, அது காலாவதியாகும் நாளன்று தேர்வுக்குக் கிளம்பினார். அன்றைக்குத்தான் புயல் மழை. சாட்சிக்கு என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

மைதானத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். எட்டு எங்கே இருக்கிறது என்று அதை வரைந்தவருக்கே தெரிந்திருக்காது. பிரேக் இன்ஸ்பெக்டர் படிக்கட்டில் குடைக்குள் நின்றபடி, "போடுங்கம்மா" என்றார்.

அக்கா புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினார். முதல் வளையம் சுத்தம். இரண்டாவதில் வண்டி சாய்ந்தது, இடது கால் இறங்கியது, தண்ணீர் தெறித்தது, வண்டி நிமிர்ந்தது. நிற்காமல் எட்டை முடித்து வந்தார்.

"கால் வெச்சிட்டீங்க. ஃபெயில்."

"எங்க வெச்சேன்?"

"தரையிலம்மா!"

"பாயின்ட்டுக்கு வா சார். தண்ணியில வெச்சேன். தரை எங்க கீது, காட்டு."

"தண்ணிக்குக் கீழதான்."

"கடல் தண்ணிக்குக் கீழயும்தான் தரை கீது. போட்டெல்லாம் தரை தட்டிக்கினா போவுது?"

வரிசையில் நனைந்துகொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். தண்ணீர் தெறித்ததை மட்டும்தான் பார்த்தேன் என்றேன், அதுதான் உண்மை. அவர் 'ஃபெயில்' என்றே எழுதினார்.

வெளியே வந்ததும் நடைமுறையை விளக்கினேன். புதிதாக எல்.எல்.ஆர். போட்டு, ஒரு மாதம் பொறுத்து, மறுபடி தேர்வுக்கு வரலாம்.

"அது ஃபெயிலானவங்களுக்கு. நான் எதுக்கு வரணும்? நீ மேலிடத்துக்கு எழுது சார்."

எழுதினேன். 'தரை' என்ற சொல்லில் தேங்கிய மழைநீர் அடங்குமா என்று விளக்கம் கோரி, கால் பட்டது தண்ணீரில்தான், தரையில் அல்ல என்று சாட்சியாக ஒரு வரியும் சேர்த்து, பொருள், பார்வை எல்லாம் போட்டு, பணியில் இருந்தபோதுகூட எழுதாத அழகான வரைவு. பிறகு ஒரு நினைவூட்டு. அதற்கும் ஒரு நினைவூட்டு.

பதில் வரும்வரை அக்கா வண்டியை ஓட்டவில்லை. தள்ளினார். கொட்டிவாக்கத்திலிருந்து அடையாறு வரை, ஐஸ் பெட்டியோடு, மழையில். அவர் வந்து சேர்வதற்குள் பாதி வீடுகளில் சாம்பார் கொதித்துவிடும். மிச்ச மீனோடு திரும்பத் தள்ளுவார். பார்க்கச் சகிக்காமல், "மெதுவா ஓட்டிண்டு வந்தா யார் கேக்கப் போறா?" என்று சொல்லிவிட்டேன். விதி, விதி என்று ஊரை வதைத்த நான்!

"கேஸ் நடக்கும்போது ஓட்டினா பாயின்ட் பூடும் சார். தள்றதுக்கு எவன் லைசென்ஸ் கேப்பான்?"

அதே போலீஸ்காரர் ஒருநாள் வழிமறித்தாராம். "இன்னாம்மா, வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தான் கீது. கவர்மென்ட்டுதான் ரிப்பேர்."

பதில் என் முகவரிக்குத்தான் வந்தது. வேப்பமரத்தடியில் அக்கா நிற்க, கேட்டருகிலேயே பிரித்து, தெருவுக்கே கேட்கும்படி படித்தேன். 'தேர்வரின் கால் நீரில் பட்டதற்கு மட்டுமே சான்று உள்ளது. நீரைத் தரையாகக் கொள்ள இயலாது. எனவே அவர் தேர்ச்சி பெற்றதாக ஆணையிடப்படுகிறது. உரிமம் இணைக்கப்பட்டுள்ளது.'

அக்கா இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நெசமா சொல்லு சார். என் கால் தரையில படலைன்னு நீ பார்த்தியா?"

"பார்க்கலை."

"பின்ன எந்த தைரியத்துல எழுதினே?"

"நீங்க சொன்னேளே."

அக்கா முந்தானையால் உரிமத்தை ஒருமுறை துடைத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, வண்டியை உதைத்துக் கிளப்பினார். அது தெருமுனை திரும்பும் வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, நானே பாஸானவன் போல வாசலில் நின்றேன். அன்று போகி, பழையன கழியும் நாள்.